பெரட்டில் பதில் சொல்லாதவர்கள்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களில் சேமக்காலைப் புல்லைச் செதுக்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மூடுபனியிலும் அணையாதபடி மெழுகுதிரியைக் கையால் மறைத்து நிற்கும் உங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சென்ற ஆண்டு 2ஆம் திகதி, பூசைக்கு முன் ஒரு வாலிபர் கருத்துக் காணிக்கை உறையோடு வந்தார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறவர்.

"யாருக்காகத் தம்பி?"

"எங்க தாத்தாவோட அம்மாவுக்குங்க, சாமி."

"பெயர்?"

அவர் தலையைச் சொறிந்தார். "பெரியாத்தான்னுதான் சொல்லுவாங்க. பேரு தெரியாதுங்க."

அவர் போன பின்பு, எங்கோ தூரதேசத்தில் நிற்கும் ஒரு மானின் நினைவு எனக்கு வந்தது. அதைப்பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பிரான்சு தேசத்தின் வடபகுதியில் போமோன் ஹமெல் என்று ஒரு சிற்றூர். அங்கே பாறைகளை அடுக்கி எழுப்பிய மேட்டின்மேல் வெண்கலத்தாலான கரிபு மான் ஒன்று தலையை உயர்த்தி நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் நாம் காணும் மரையை நினைத்துக்கொள்ளுங்கள்; கொம்பு மட்டும் இன்னும் விரிந்தது. அது வட அமெரிக்கக் குளிர்ப் பிரதேசத்து விலங்கு. பிரான்சில் அதற்கு என்ன வேலை?

1916ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி, ஸோம் போரின் முதல் நாள். நியூபவுண்ட்லாந்து அன்று கனடாவோடு சேராத தனி நாடு. மீன்பிடித்துப் பிழைத்த மக்களைக் கொண்ட தீவு. அங்கிருந்து வந்த படைப்பிரிவினர் சுமார் 800 பேர் காலை ஒன்பதேகால் மணியளவில் பதுங்குகுழிகளை விட்டு ஏறி, மறைவில்லாத சரிவில் இறங்கி நடந்தார்கள். எதிரே ஜேர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

பெரட்டுக்களத்தில் நின்று பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெயரைக் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. அடுத்த பெயர், அதற்கும் இல்லை.

அப்படைப்பிரிவின் தொப்பிச் சின்னம் கரிபு மானின் தலை. ஆகவே நினைவுச்சின்னம் வைக்க வேண்டி வந்தபோது மானையே வைத்தார்கள். பாசில் கோட்டோ என்ற ஆங்கிலேயச் சிற்பி வடித்தார். ஒன்றல்ல, அப்படைப்பிரிவு போரிட்ட இடங்களாகப் பிரான்சில் நான்கு, பெல்ஜியத்தில் ஒன்று. 2022இல் துருக்கியின் கலிப்போலியிலும் ஒன்று வைக்கப்பட்டது. ஒரு தளபதியின் சிலையை நிறுத்தியிருந்தால் அது அந்தத் தளபதிக்கே உரியதாயிருக்கும். மானோ, அத்தீவின் மகன் எவனும் தன் வீட்டுப் பக்கம் கண்டிருக்கக்கூடியது. போமோன் ஹமெலில் அதன் அடியில் வெண்கலத் தகடுகளில், கல்லறையே அறியப்படாத 800க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். படைவீரரோடு கடலில் மாண்ட மாலுமிகளும் அதில் உண்டு. 1925 ஜூன் 7இல் அதைத் திறந்துவைத்தவர் ஹெய்க் பிரபு. அந்தப் போரை நடத்திய பிரித்தானியச் சேனைத் தலைவரே அவர். அந்தப் பெயர்களை அவர் என்ன மனத்தோடு வாசித்தாரோ, ஆண்டவருக்குத் தெரியும்.

என் மனதைத் தொட்டது மானைவிட, அதை அங்கே கொண்டுவந்த மனிதர். அவர் தாமஸ் நாங்கிள். கத்தோலிக்கக் குருவானவர், அப்படைப்பிரிவின் ஆன்ம குரு. யுத்தம் முடிந்து மற்றவர்கள் வீடு திரும்பியபின் அவர் போர்க்களங்களுக்குத் திரும்பிப் போனார். சேற்றில் கிடந்த உடல்களைத் தேடி, இன்னார் என்று அடையாளம் கண்டு, கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்யும் பணியை மேற்பார்த்தார். போமோன் ஹமெல் நிலத்தைப் பெற ஏறத்தாழ 250 பிரெஞ்சுக் காணிக்காரர்களோடு பேரம் பேசினார். பின்னாளில் குருத்துவத்தை விட்டு ரொடீசியாவில் குடியேறினார் என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால் அவர் செய்த இரக்கச் செயல் குறைந்துபோகாது.

மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். தோபித்து அதற்காக அரச கோபத்துக்கு ஆளானார்; உணவை மேசையில் விட்டுவிட்டு எழுந்துபோய் தம் இனத்தவன் ஒருவனின் உடலைத் தூக்கிவந்தார். அயலார் நகைத்தார்கள்.

நம் பக்கத்தவர்க்கும் அப்படி ஒரு சின்னம் உண்டு. பிரான்சின் நூவ் ஷபெலில், 1927இல் திறக்கப்பட்ட தூணின் இருபுறமும் இரண்டு கற்புலிகள் காவல் இருக்கின்றன. கல்லறை இல்லாத 4,700க்கும் அதிகமான இந்தியப் படையினரின் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன.

இனி நம் மலைக்கு வருவோம். திக்கோயாவின் வார்லி ஆலயத்தைச் சுற்றிப் பாருங்கள். துரைமாரின் கல்லறைகள் பெயரோடும் ஆண்டோடும் நிற்கின்றன. நல்லது, அவர்களும் ஆண்டவரின் பிள்ளைகளே. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து, வாந்திபேதியில் வழியோரம் விழுந்த நம் பாட்டன்மாருக்கு எந்த மான், எந்தப் புலி காவல் நிற்கிறது? 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்த வழியே மக்கள் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள். அதற்குப் பிந்திய தலைமுறைகள் நம் தோட்டங்களிலேயே தேயிலைத் தூருக்கடியில் கிடக்கின்றன. தலையில் நட்ட மரச்சிலுவை இரண்டு மாரிக்குள் உக்கிவிடும். பெயர் செக்ரோலில் இருந்தது, செக்ரோல் போயிற்று.

வெண்கலம் வாங்க நமக்கு வழியில்லை. ஒரு கொப்பி வாங்கலாம். உங்கள் லயத்தில் எழுபது, எண்பது வயதானவர் யார் இருக்கிறார்களோ, அவரிடம் இந்த வாரமே போய் உட்காருங்கள். யாருடைய தகப்பன் யார், எந்த மலையில் அடக்கினார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கிறிஸ்தவர் அல்லாத உறவினரையும் விடாதீர்கள். பூசையில் வாசிக்க நேரம் போதாதே என்று கவலை வேண்டாம், நான் வாசிப்பேன்.

அந்த வாலிபர் பூசை முடிந்தும் போகவில்லை. மேல் லயத்தில் படுத்த படுக்கையாயிருந்த ஒரு பாட்டியிடம் போனாராம். அடுத்த ஞாயிறு வந்து, கசங்கிய துண்டுக் காகிதமொன்றை நீட்டினார். பெரியாத்தாவின் பெயரோடு, குழந்தையிலேயே இறந்த அவருடைய மூன்று பிள்ளைகளின் பெயர்களும் அதில் இருந்தன. அன்று நான்கையும் பீடத்திலிருந்து உரக்க வாசித்தேன்.