மடியில் குழந்தை, முகப்பில் பிள்ளையார்

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பல்லவன் சாலையில் இருக்கிறது பாடிகாட் முனீஸ்வரன் கோயில். புது வண்டி எடுத்தவர்கள் பலர் ஷோரூமிலிருந்து நேரே இங்கேதான் வருகிறார்கள். பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனம், நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் சுற்றி முடிந்ததும் வண்டி பழங்களை நசுக்கியபடி மெல்ல நகரும். திருஷ்டி கழிந்தது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இருந்தால் அவர் நெற்றிக்கும் திருநீறு உண்டு. குழந்தை மடியில் இருக்கும், பெல்ட் எதுவும் இருக்காது.

இதைக் கேலி செய்வதில் அர்த்தமில்லை. பூஜை போடுகிறவர் சாலையின் ஆபத்தை நன்றாக உணர்ந்தவர். அப்படி உணராதவர் எலுமிச்சம்பழம் வாங்கவே மாட்டார். வியப்பு வேறொன்றில் இருக்கிறது. அதே மனிதரிடம் குழந்தைக்கென்று தனி சீட் வாங்கச் சொன்னால், “எல்லாம் கடவுள் பார்த்துப்பார்” என்கிறார். பிரேக் தேய்ந்தால் மட்டும் கடவுளிடம் விடாமல் மெக்கானிக்கிடம் போகிறார்.

இந்த இடத்தில் வள்ளுவரின் ஊழையும் ஆள்வினையையும் மோதவிடுவது நம் பட்டிமன்ற வழக்கம். இங்கே அதற்கு வேலையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன நபிமொழியும், கோயில் உச்சியிலிருந்து குதித்துக் கடவுளைச் சோதிக்க மறுத்த ஏசுவின் கதையும் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டன. முன்னெச்சரிக்கையை இவை அவநம்பிக்கை என்று சொல்லவில்லை. மீதமிருக்கும் கேள்வி கொஞ்சம் கடினமானது: ஒருவர் தன் நம்பிக்கையின் பேரில் தன் உயிரைப் பணயம் வைக்கலாம், பேசத் தெரியாத பிள்ளையின் உயிரை வைக்கலாமா?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல் இதற்குப் பக்கத்தில் வந்தது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த சாரா பிரின்ஸ், தன் பொறுப்பில் இருந்த 9 வயதுச் சிறுமியைத் தெருவில் மதப் பத்திரிகை விற்க அழைத்துச் சென்றதால் எழுந்த வழக்கு அது. பெற்றோர் தங்களைத் தியாகிகளாக்கிக்கொள்ளலாம், தானே முடிவெடுக்கும் வயது வராத பிள்ளையைத் தியாகியாக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். பத்திரிகை விற்றதற்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று தோன்றலாம். காரில் வைத்துப் பார்த்தால் அளவாகவே இருக்கிறது.

காருக்குள் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் டென்னசி மாநிலத்தின் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ். அவரும் அவர் மனைவியும் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் வற்புறுத்தியதில், குழந்தைகளுக்குத் தனி சீட்டைக் கட்டாயமாக்கும் அமெரிக்காவின் முதல் சட்டம் 1977-இல் நிறைவேறி, 1978 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பெற்றோர் உரிமையில் அரசு கைவைக்கிறது என்ற எதிர்ப்பு இருந்தது. அதற்கு இடம்கொடுத்துச் சட்டத்தில் ஒரு விலக்கையும் சேர்த்தார்கள்: பெரியவர் கையில் குழந்தையை வைத்திருந்தால் சீட் வேண்டாம். சட்டம் வந்த பிறகும் தாய்மடி சட்டத்தை வென்றது. குழந்தையை நசுக்கும் விதி அது என்று சாண்டர்ஸ் விடாமல் சொன்னார். 1981-இல் அந்த விலக்கை நீக்கினார்கள். 1985-க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

நசுக்கும் என்பது மிகைப்பேச்சு இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, நொடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 5 கிலோ குழந்தையை முன்னே இழுக்கும் விசை சராசரியாக 70 கிலோ எடைக்குச் சமம். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அவரும் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய முழு உடலும் குழந்தையை முன் சீட்டோடு சேர்த்து அழுத்தும். இருவரையும் ஒரே பெல்ட்டில் கட்டினாலும் கதி அதுதான். பாசத்தில் குறையில்லை, குறை தசையில் இருக்கிறது.

இந்தியச் சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆட்டோவிலும் பைக்கிலும் போகிறவர்களிடம் இந்த வாதம் செல்லாது. அங்கே சீட்டை மாட்டவே வழியில்லை. சில லட்சம் கொடுத்து கார் வாங்கியவரிடம் செல்லும்.

நம் வீடுகளில் இன்னொரு தடையும் உண்டு. பிறக்கும் முன் குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது, முதலில் பழைய துணிதான் போட வேண்டும் என்பார்கள் பாட்டிமார். பழைய துணி மெத்தென்று இருக்கும், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதனாலேயே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் முதல் பயணத்தைக் குழந்தை மடியில் செய்கிறது. வழக்கத்தை மீற மனமில்லாதவர் பணத்தைக் கட்டி, சீட்டைக் கடையிலேயே விட்டு வைக்கலாம். பழைய தொட்டிலைப் போலப் பழைய சீட்டை வாங்கிக்கொள்வதில்தான் கவனம் வேண்டும். ஒருமுறை விபத்தில் சிக்கிய சீட்டோ, காலாவதித் தேதி கடந்த சீட்டோ உதவாது.

பொருத்தும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். கைக்குழந்தையின் சீட் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தைக்குத் தலை கனம், கழுத்து மெல்லியது. மோதும்போது சீட்டின் முதுகு அந்த விசையை முதுகு முழுக்கப் பரப்பி வாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் வைக்கச் சொல்கிறது. முன் சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும்போது அங்கே பின்பக்கம் பார்க்கும் சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் போய் அடிக்கும்.

பின் சீட்டில் மெத்தையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டால், ஐசோஃபிக்ஸ் வசதியுள்ள கார்களில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். சீட்டை அதில் ‘டக்’ என்று மாட்ட வேண்டும். அந்த வசதி இல்லாத காரில், சீட்டோடு வரும் படத்தில் காட்டிய வழியாகவே பெல்ட்டை நுழைக்க வேண்டும். மாட்டிய பின் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் மறுபடி மாட்டுங்கள். தோள் வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். அந்த வாரை விரல்களால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு அகப்பட்டால் இன்னும் இறுக்குங்கள். குளிருக்குச் சால்வை என்றால் வாரை இறுக்கிய பிறகு மேலே போர்த்துங்கள். முனீஸ்வரனுக்கு வண்டியைக் கொண்டுபோகும் நாளிலும் குழந்தையை இதே சீட்டில் மாட்டியே கொண்டுபோங்கள்.