ஊன்றுகோலும் ஒரு கண்ணும்

நெடுநாட் பிணியாலோ, பொருளிழப்பாலோ, சுற்றத்தார் பிரிவாலோ தளர்ந்து கிடந்தானொருவன் ஒருவாறு தேறி எழுங்கால், அவன்முன் மூன்று கடன்கள் வந்து நிற்கும். முடியாது கிடந்த தொழில் ஒன்று. வலி பெறவேண்டிய உடல் ஒன்று. காணாதும் வினவாதும் விட்ட நட்பு ஒன்று. இம்மூன்றனையும் எம்முறையான் மீட்பது என்பது சிறிய வினாவன்று. அனைத்தையும் ஒருங்கே மீட்க விரைபவன் மீண்டும் வீழ்கின்றான். யாவும் செம்மையாகுக என்று காத்திருப்பவன் எழாமலே கழிகின்றான்.

இதற்கு ஆளுடைய நம்பிகள் வரலாறு சிறந்த சான்றாம். திருவொற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து, ஆரூர் வேட்கையால் அவ்வெல்லை நீங்கியபொழுதே நம்பிகள் இருகண்ணும் ஒளியிழந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் அளித்தது கண்ணன்று, ஊன்றுகோல். (பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் அமைந்தமையால் அப்பழங்கோயிலும் தன் இடம் பெயர்ந்து கரையில் எழுந்தது.) கச்சியேகம்பத்தில் இடக்கண் வந்தது, திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கிற்று, ஆரூரிலே வலக்கண் விளங்கிற்று. பரவையாரது புலவி தணிந்ததும், ஏயர்கோன் கலிக்காமரது பகை நட்பானதும் அதன் பின்னரே.

இம்முறைவைப்பிற் கற்கத்தக்கன பல. முதலாவது, நம்பிகள் கண்பெற்ற பின்னர்ப் பாடுவேன் என்று தம் தொண்டை நிறுத்திவைத்தாரல்லர். முல்லைவாயிலினும் வெண்பாக்கத்தினும் கண்ணின்றியே பாடினார். ஆவடுதுறையினும் துருத்தியினும் ஒரு கண்ணோடு பாடினார். ஏழாந் திருமுறையின் உருக்கமிக்க பதிகங்கள் சில அவ்விருட்காலத்தே பிறந்தவை. இயன்ற அளவிற் செய்யும் தொண்டே உடலைத் தேற்றும் மருந்துமாயிற்று.

இரண்டாவது, அருள் படிப்படியே வந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில், செய்யாற்றை அடுத்த காவாந்தண்டலம் முதலிய ஊர்களின் உழவர் இதனை நன்கறிவர். அவ்வாறு பன்னாள் மணலாய்க் கிடந்து, மழைக்காலத்துப் பெருகி வரும். வெள்ளத்தால் ஒரு போகம் இழந்தவன், இழந்ததை ஈடுசெய்வேன் என்று ஒரே வயலில் இரு போகத்து நாற்றையும் ஒருங்கே நடுவானல்லன். முதலில் உடைந்த வரப்பைக் கட்டுவான். தூர்ந்த வாய்க்காலை வாருவான். பின்னர் அடுத்த பட்டத்திற்கு விதை தேடுவான். போன போகம் போயிற்று. வரும் போகமே கையிலுள்ளது. உடலும் அவ்வயல் போல்வதென அறிக.

பிராரத்த வினை உடலூழாய் நின்று நுகர்ந்தே கழியும் என்பது சித்தாந்தத் துணிபு. ஒறுப்பும் மறக்கருணையேயாதலின், துன்புற்ற நாட்களை வீணே கழிந்த நாட்களென எண்ணி நோதல் வேண்டா. அந்நாட்களிலே கழிந்தது வினை. ஆதலின் அவை பயனற்றன ஆகா.

மூன்றாவது நட்பு. தொழிலின் நிலுவையை இரவு விழித்தும் முடிக்கலாம். நட்பின் நிலுவையை அங்ஙனம் முடித்தல் இயலாது. நம்பிகளின் கண்ணிழப்பும், மீட்சியும், பரவையார் புலவியும் ஆகிய யாவற்றையும் சேக்கிழார் பெருமான் கலிக்காமர் புராணத்துள் வைத்தருளினார். பிளவுற்ற நட்பொன்று கூடும்வரை மீட்சி நிறைவுறாது என்னும் கருத்தும் அவ்வமைப்பிற் புலனாகின்றது. இறைவனைத் தூதனுப்பியது பற்றிக் கலிக்காமர் சினந்தது கேட்ட நம்பிகள், தம் செயலுக்கு நியாயம் கூறாது பிழையை உடன்பட்டார். அவர்க்குற்ற சூலையைத் தீர்க்கத் தாமே பெருமங்கலம் சென்றார். அவர் துயில்கின்றார் என்று மனையோர் மறைத்தபோதும் மீளாது, காணவேண்டும் என்றே நின்றார். உயிர்நீத்துக் கிடந்தாரைக் கண்டு தாமும் வாளைப் பற்ற, அருளால் எழுந்த கலிக்காமர் அவ்வாளைப் பிடித்துத் தடுத்தார். நேரிற் சென்று நிற்றல் ஒன்றே அங்கே நட்பை மீட்டது.

அற்றேல், நம்பிகள் இழந்தன யாவும் மீண்டன. ஏனையோர்க்கு அங்ஙனம் மீள்வதில்லையே, சிலர்க்கு உடல் பழைய வலியைப் பெறுவதில்லை, சிலர்க்கு மன்னிப்புக் கேட்கவேண்டிய நண்பனே இறந்துபடுகின்றானே எனின், அவ்வினா மெய்யே. அன்னோர்க்கு விடை ஏகம்பத்திலன்று, வெண்பாக்கத்திலே உள்ளது. கண்ணை வேண்டிய நம்பிகள் கோலைப் பெற்றார். அயலார்க்குக் கூறுமாறுபோல் கூறிய விடையையும் கேட்டார். மனம் வருந்தினார்; எனினும் அக்கோலை எறிந்துவிட்டு அங்கேயே அமர்ந்தாரல்லர். அதனை ஊன்றியே கச்சிக்கு நடந்தார். அப்பொழுது இடக்கண் வருமென்பதை அவர் அறியார். கோல் மட்டுமே பெற்றார் பலர் உளர்; அவர் நடையும் அருள்வழி நடையே. இறந்த நண்பனுக்குச் செய்யாததை அவன் மக்கட்கும் ஏனை அடியார்க்கும் செய்தல் கூடும்.

ஆதலின் தளர்ந்து எழுந்தவன் இன்று இயன்ற தொண்டை இன்றே செய்க. உடலுக்கு அதன் காலத்தைக் கொடுக்க. நண்பன் வாயிலுக்கு நாணாது செல்க. தளராதிருப்பவரோ, அவன் வருமளவும் காத்திராது தாமே சென்று காண்க. தோழமையைத் தந்து ஆண்ட பெருமான் திருவருள் அவ்விருவர்க்கும் துணையாகுக.