யாருக்கென்று அறியாத விளக்கு

ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வு நடத்தியபோது கற்காலக் கருவிகள், பொன்னணிகளுடன் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கடல் கண்ணுக்கு எட்டாத ஊர் அது. ஏரியும் வயலுமாக இருந்த நிலத்தைச் சுற்றி இன்று கார்த் தொழிற்சாலைகள் நிற்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாடி ஒரு கப்பலில் வந்து, ஏதோ ஒரு துறையில் இறங்கி, தலைச்சுமையாகவோ வண்டியிலோ இந்த ஊருக்குள் நுழைந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துத் துறை ஒன்று எப்படி இருந்தது என்பதைக் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. நீர்ப்பெயற்று என்ற பட்டினத்தில் ஏணி சாத்தியும் ஏறுவதற்கு அரிய உயரத்தில் ஒரு மாடம். அதன் உச்சியில் இரவில் தீ மூட்டுவார்கள். கடலில் ஓடும் கலங்கள் அதைப் பார்த்துக் கரை சேரும். அந்தத் தீயை மூட்டியவனுக்குக் கலத்தில் இருப்பவன் யார் என்று தெரியாது. அதில் வரும் சாடி எந்த ஊர்ச் சமையற்கட்டுக்குப் போகும் என்பதும் தெரியாது. அவன் செய்தது வெறும் துறைமுக வேலையா, அல்லது வழிபாடு என்று நாம் சொல்வதற்குள் அதுவும் அடங்குமா? அடங்கும் என்பதே என் முடிவு.

இந்தக் கேள்வியைக் கல்லிலேயே எழுப்பும் இடம் மாமல்லபுரம். மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் நிற்கிறது ஒலக்கண்ணேசுவரர் கோயில். விமானத்தின் மேற்பகுதி போய்விட்டது. சுவரில் கயிலையை அசைக்கும் இராவணன் உப்புக்காற்றில் தேய்ந்து நிற்கிறான். பல்லவர் காலத்திலேயே அங்கே கப்பல்களுக்காகத் தீ மூட்டினார்கள் என்று சொல்வதுண்டு. அதன்மேல் வாதத்தைக் கட்ட நான் விரும்பவில்லை. உறுதியாகத் தெரிந்த செய்தியே போதும்: 1887-இல் ஆங்கில அரசு அந்தக் கோயிலின் கூரைமேல் ஒரு விளக்கை வைத்தது. பிறகு 1900-இல் பக்கத்திலேயே கல்லால் இப்போதைய கோபுரத்தைக் கட்டியது. கோயிலை வெறும் உயரமாகப் பார்த்தவர்கள் செய்த காரியம் அது என்று ஒருவர் வருந்தினால், அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. அனுமதியும் இல்லை, பக்தியும் இல்லை. ஆனால் அங்கே எரிந்த விளக்கு அந்த இடத்துக்கு அந்நியமா என்பது வேறு கேள்வி. அடியும் முடியும் காணமுடியாத தீத்தூணாக இறைவனை எண்ணிய சமயம் நம்முடையது. கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் ஏற்றும் சுடரை, மலைக்கே வராத ஊர்க்காரர்கள் தங்கள் வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். சென்னை லஸ் தேவாலயத்தின் பிறப்புக் கதையிலும், கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளை ஓர் ஒளிதான் கரைக்கு அழைத்து வருகிறது. கதை நடந்ததோ இல்லையோ, கரையில் தெரிந்த ஒளிக்கு நன்றியாக ஒரு கோயில் எழலாம் என்று அந்த மக்களுக்கும் தோன்றியிருக்கிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. கோயில் விளக்கு இறைவனுக்காக ஏற்றப்படுவது. கலங்கரை விளக்கம் சம்பளத்துக்கு ஏற்றப்படுவது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்பார்கள். நம் கல்வெட்டுகளைப் பார்த்தால் இந்தப் பிரிவு அவ்வளவு எளிதாக நிற்காது. சோழர் காலத்து நந்தா விளக்குக் கொடைகளில் பலவற்றில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்று கணக்கு உண்டு. ஆடுகள் ஓர் இடையனிடம் ஒப்படைக்கப்படும். அவன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு தட்டிச் சாகும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகள் நிரப்பும் என்பதால் அந்த மந்தையைச் சாவா மூவாப் பேராடு என்றே கல்லில் வெட்டினார்கள். பக்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், அளவும் பொறுப்பும் மட்டுமே பேசும் ஆவணங்கள் இவை. கொடுத்தவன் செத்த பிறகும், அவன் பெயர் மறந்த பிறகும், திரி அணையக் கூடாது. அதற்கான ஏற்பாடுதான் அங்கே அறம். நெய் அளந்த இடையனுக்குப் பிழைப்பும் அதுவே. கூலி கலந்ததால் அந்த விளக்கு வழிபாடு அல்லாமல் போகவில்லை என்றால், சென்னைக் கோட்டையில் 1796-இல் தேங்காயெண்ணெய் விளக்குகளை எரித்தவர்களுக்கு மட்டும் வேறு சட்டம் எப்படி? எண்ணெய் விளக்கின் கண்ணாடியில் இரவெல்லாம் புகைக்கரி படியும். காலையில் அதைத் துடைத்து, கருகிய திரியைக் கத்தரித்து, மாலைக்குள் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். ஒரு நாள் துடைக்காவிட்டால், முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு ஒளி மங்கும்.

வணிகம் என்ற மறுப்பும் உண்டு. விளக்கு வணிகருக்காக, அரசின் சுங்கத்துக்காக எரிந்தது என்பார்கள். உண்மைதான். யாரையும் கட்டணம் கேட்டு நிறுத்த முடியாத பொதுப்பொருளுக்கு உதாரணமாகக் கலங்கரை விளக்கத்தைப் பொருளியல் பாடநூல்கள் சொல்லிவந்தன. இங்கிலாந்தில் துறைமுகங்களில் விளக்குக் கட்டணம் வசூலித்தே பல விளக்குகள் நடந்தன என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1974-இல் எழுதிக் காட்டினார். இந்தியாவிலும் 1927-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கச் சட்டத்தின்கீழ் கப்பல்கள் கட்டணம் செலுத்தின. ஆனால் அந்தக் கட்டணம் துறைக்குள் நுழைந்த கப்பலிடம் வாங்கியது. நுழையாமல் கடந்து போன கப்பலும், கட்டுமரத்தில் வலை போட்டவனும் அதே ஒளியைப் பார்த்தார்கள். பணம் விளக்கை எரியவைக்கலாம். யார் மேல் படுவது என்பதைப் பணத்தால் தீர்மானிக்க முடியாது. மறுமைப் பலனை எதிர்பார்த்து அறத்தை வியாபாரம் ஆக்காதவன் என்று புறநானூறு வள்ளல் ஆய் அண்டிரனைப் புகழ்கிறது. வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பும் வந்தவன் யார், என்ன சாதி என்று கேட்காமல் எரிந்துகொண்டிருக்கிறது. பெறுபவனைத் தேர்ந்தெடுக்காத கொடை என்ற ஒரே குடும்பத்தில் கலங்கரை விளக்கத்தையும் நான் சேர்க்கிறேன்.

தேர்ந்தெடுக்காததுதானே ஆபத்து என்று ஒருவர் கேட்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலுக்கு வந்தபோது, உயர்நீதிமன்றக் கோபுரத்து விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. பகைவன் அந்த ஒளியிலேயே தன் இடத்தைக் கணித்து, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டான். எனக்கு இது மிகக் கடினமான மறுப்பு, உயிர்கள் போயின. போர்க்காலத்தில் விளக்கை அணைப்பது சரியே. ஆனால் அணைக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்: பகைவனுக்கு மட்டும் அணைக்க வழியில்லை, நம் மீனவனுக்கும் சேர்த்தே இருட்டு. எல்லோருக்கும் அல்லது யாருக்கும் இல்லை என்ற இரண்டே நிலைதான் அதற்கு உண்டு. அமைதிக் காலத்தில் அதை ஏற்றிவைக்கும் சமூகம், கெட்டவனுக்கும் வழி தெரியும் என்பதை அறிந்தே நல்லவனுக்காக ஏற்றுகிறது. அந்தத் துணிவைப் பேதைமை என்று நான் கொள்ள மாட்டேன்.

செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பது கடைசிக் கேள்வி. ஒரகடத்துக் கார்களை எண்ணூர்த் துறையிலிருந்து ஏற்றிப் போகும் கப்பல் இந்த விளக்குகளை நம்பி ஓடுவதில்லை. எனினும் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் போர்ப்பகுதிகளில் குலைக்க முடிகிறது. கருவி பழுதாகிவிட்ட சிறு படகுக்குக் கரையில் ஓர் ஒளி இன்னும் வேண்டும். ஒருநாள் யாருக்குமே தேவைப்படாமல் போனால், அதன்பின் ஏற்றுவது சடங்கு என்று ஒப்புக்கொள்வேன். அந்த நாள் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் மரபுப் பாதுகாப்பு என்ற பெயரில் நடப்பது எனக்குக் கவலை தருகிறது. 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில் நாடு முழுவதும் 75 கலங்கரை விளக்கங்கள் சுற்றுலாத் தலங்களாக அர்ப்பணிக்கப்பட்டன. மக்கள் ஏறிப் பார்ப்பது நல்லதே. ஆனால் ஏறுபவருக்குக் கடற்காட்சி மட்டும் கிடைத்தால் போதாது. பழைய பதிவேடுகள், லென்சைத் துடைத்த முறை, காவலர் குடும்பங்களின் நினைவுகள் ஆகியவற்றையும் அங்கேயே தொகுத்து வைக்க வேண்டும். கோடிக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் விளக்குக் கோபுரம் 2004 ஆழிப்பேரலையில் சரிந்தது. சுந்தரர், கடற்கரையில் தனியே இருக்கிறாயே என்று அங்குள்ள சிவனான குழகரைக் கேட்டுப் பாடிய ஊர் அது. எஞ்சிய செங்கல்லுக்கு வேலி போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, இப்போதும் அங்கே எரியும் விளக்கைப் பார்த்துக்கொள்பவர்களின் அனுபவத்தைப் பதிவுசெய்ய முதலில் செலவிடச் சொல்வேன்.