முழங்காலில் இருந்தவரை இழுத்த கை

பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறு
நற்செய்தி: லூக்கா 10:25-37



எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவரின் கதை நமக்குப் பழகிப்போன ஒன்று. கேட்கும்போதெல்லாம் நம்மை நல்ல சமாரியராகவே நினைத்துக்கொள்கிறோம். இன்று சற்று இடம் மாறி நின்று கேட்போம்.

அதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உதவும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயம். வழிபாட்டில் எல்லாரும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆலன் என்ற கறுப்பினத்தவர். அடிமையாய்ப் பிறந்து, உழைத்துச் சேர்த்த பணத்தால் தம் விடுதலையை விலைக்கு வாங்கியவர். ஏதோ சலசலப்புக் கேட்டுத் தலை நிமிர்கிறார். நண்பர் அப்சலோம் ஜோன்ஸை ஆலய நிர்வாகி ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடம் கறுப்பர்களுக்கு இல்லையாம். செபம் முடியும்வரையாவது பொறுக்கும்படி ஜோன்ஸ் கேட்கிறார். அதற்கும் நிர்வாகிக்கு மனம் இல்லை. செபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் ஒருசேர எழுந்து வெளியேறினார்கள்.

1793-இல் அந்த நகரத்தை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியது. சுமார் 50,000 பேர் வாழ்ந்த ஊரில் 5,000 பேர்வரை மாண்டார்கள். வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். சொந்த வீட்டு நோயாளியைத் தொடவே அஞ்சிய நாள்கள் அவை. கறுப்பர்களை இந்நோய் அண்டாது என்று நம்பி அவர்களை உதவிக்கு அழைத்தார்கள். நம்பிக்கை பொய்யானது, அவர்களும் செத்தார்கள், ஆலனும் படுக்கையில் விழுந்துதான் பிழைத்தார். ஆனாலும் ஆலனும் ஜோன்ஸும் தங்கள் மக்களைத் திரட்டி, வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்தார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். இழுத்துத் தள்ளிய ஊருக்கே சமாரியர் ஆனார்கள்.

காய்ச்சல் தணிந்ததும் வந்தது பழி: சாவு வீட்டில் பணம் பறித்தார்களாம், திருடினார்களாம். இருவரும் வாய்மூடி இருக்கவில்லை. 1794-இல் சிறுநூல் ஒன்றை அச்சிட்டு, வரவையும் செலவையும் எழுதி, கைப்பணம் போனதே மிச்சம் என்று காட்டினார்கள். இரக்கம் காட்டிய அதே கைகள் நியாயமும் கேட்டன. இரண்டும் ஒரே அன்புதான், அன்பர்களே. அநீதியைப் பொறுத்துப் போவதற்கு அன்பு என்று பெயரில்லை.

நற்செய்தியில் ஒன்றைக் கவனித்தீர்களா? அடுத்திருப்பவராய் நடந்தவர் யார் என்று இயேசு கேட்டதும், திருச்சட்ட அறிஞர் இரக்கம் காட்டியவர் என்றுதான் சொல்கிறார். 'சமாரியர்' என்ற சொல் அவர் தொண்டையைத் தாண்டவில்லை. பிலடெல்பியாவும் அப்படித்தான்: கைகள் வேண்டும், அந்தக் கைக்குரியவருக்கு நல்ல பெயர் கூடாது.

நாம் நிறம் பார்ப்பதில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். சாதிக்கொரு பக்கமாய் உட்காரவைத்த ஆலயங்களும், கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பிய பங்குகளும் தமிழ் மண்ணிலேயே உண்டு. திருவிழா வரி யார் வீட்டில் வாங்குவதில்லை? தேர் எந்தத் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது? வீட்டுக்குப் போய் இவற்றுக்கு உண்மையாய்ப் பதில் சொல்லிப் பாருங்கள்.

இன்று நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் தோளைப் பாருங்கள். அப்படியொரு தோளை இழுத்த கையும் ஆலயத்துக்குள் இருந்த கைதான். அது நம் கையாக இராதபடி ஆண்டவர் காப்பாராக. ஆமென்.