முருகனுக்குப் பட்ட கடன் காத்திருக்கும்

ஓம் சரவணபவ
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



ஆடிக்கிருத்திகை நெருங்கினாலே நம்ம பேச்சு எப்படியோ 2020க்கும் 2021க்கும் போயிடும். 2020 ஆகஸ்ட் 12, 2021 ஆகஸ்ட் 2. இந்த ரெண்டு ஆடிக்கிருத்திகைக்கும் திருத்தணி மலையில பக்தர்களுக்கு அனுமதி இல்ல. பூஜை நடந்தது, அலங்காரம் நடந்தது. ஆனா 365 படியில பூக்காவடி ஏறல. பேச்சு அங்க வந்ததும் ரெண்டு கட்சி ஆயிடுவோம். "டாஸ்மாக்கைத் திறந்தாங்க, கோயிலைத் திறக்கலையே"ன்னு ஒரு பக்கம். "உயிரு இருந்தாத்தானேப்பா சாமி கும்பிட முடியும்"னு இன்னொரு பக்கம்.

ரெண்டுலயும் உண்மை இருக்கு. ஆனா ரெண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போயிடுறோம். ஒரு கொள்ளை நோய் வந்து ஊரையே மூடின பிறகு, எப்போ திறக்கணும்னு சொல்ற தகுதி யாருக்கு? அப்படிச் சொல்றவன் எதுக்குப் பொறுப்பு? இன்னொரு நோய் வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல. அதனால நிதானமா இருக்கும்போதே இதை யோசிச்சு வைப்போம்.

*முதல்ல, நடந்தது என்ன?*

2020 மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டுல 144 தடை வந்தது. மறுநாள்ல இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அப்புறம் ஒவ்வொண்ணாத் திறந்தாங்க. மே 7 மதுக்கடை. மே 11 டீக்கடை, பார்சல் மட்டும். மே 19 கிராமத்து சலூன். ஜூலை 1 கிராமப்புறத்துல வருஷ வருமானம் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான சின்னக் கோயில்கள். எல்லாக் கோயிலும் திறந்தது செப்டம்பர் 1.

அடுத்த வருஷம் ரெண்டாவது அலை. ஏப்ரல் 26ல மூடின கோயில்கள் ஜூலை 5லதான் திறந்தது. ஒரே மாசத்துல ஆடிக்கிருத்திகைக்கு மறுபடி தடை. பஸ் ஓடுது, கடை திறந்திருக்கு, முருகனைப் பார்க்க மட்டும் முடியல. கோபம் வந்தது நியாயம்தான்.

*டாஸ்மாக் கேள்வி*

இந்தக் கேள்வியை விளையாட்டா எடுத்துக்கக் கூடாது. எதை முதல்ல திறக்குறோம்கிறதுல நம்ம மனசுல எது பெருசுங்கிறது தெரிஞ்சிடும். மே 7ல மதுக்கடை வாசல்ல நின்ன கூட்டத்தைப் பார்த்த உயர் நீதிமன்றம், மறுநாளே மூடச் சொன்னது. மே 15ல உச்ச நீதிமன்றம் அதுக்குத் தடை கொடுத்தது, மறுநாள் கடை மறுபடி திறந்தது. அரசாங்கத்துக்கு வருமானம் வேணும்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம். அந்த வரிசையைத் தப்புன்னு சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

ஆனா, "அதைத் திறந்தியே, இதையும் திற"ன்னு சொல்றது வாதம் ஆகாது. அங்க கூட்டம் கூடினது தப்புன்னா, இங்க கூடினாலும் தப்புதான். பக்கத்து வீட்டுக்காரன் கிணத்துல விழுந்தான், அதனால எனக்கும் வழி விடுன்னு கேக்குற மாதிரி இருக்கு.

*கிருமிக்குத் தெரிஞ்சது கூட்டம் மட்டும்தான்*

இந்த நோய் மூச்சுல பரவுது. இருமல், காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குப் போயிடும். உடம்புக்குள்ள போய் அறிகுறி காட்ட ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம். அதாவது இன்னைக்குக் கூடின கூட்டத்தோட பலன் இன்னைக்குத் தெரியாது. கதவைத் திறந்துவிட்டவர் வீட்டுக்குப் போயிடுவார். ரெண்டு வாரம் கழிச்சு, வேற ஊர்ல, வேற யாரோ ஒருத்தர் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பார்.

கோயம்பேடு மார்க்கெட் இதுக்கு நல்ல சாட்சி. அதை யாரும் ஆசைக்காகத் திறந்து வைக்கல. சென்னை சாப்பிடணும், அதனால திறந்திருந்தது. அங்க தொற்று பரவி, மூட்டை தூக்குற தொழிலாளிகளும் வியாபாரிகளும் ஊருக்குத் திரும்பினப்போ கடலூர், அரியலூர், விழுப்புரம்னு கூடவே போச்சு. மே 5ல மூடினாங்க. சாப்பாடு தின்னது ஊரெல்லாம், நோயை முதல்ல வாங்கினது மூட்டை தூக்கின தோள்.

அடுத்து நடந்ததையும் கவனிக்கணும். மார்க்கெட்டை நம்ம திருவள்ளூர் மாவட்டத்துத் திருமழிசைக்கு, திறந்த வெளிக்கு மாத்தினாங்க. முழுசா மூடவும் இல்ல, பழைய மாதிரி திறக்கவும் இல்ல. மூணாவதா ஒரு வழி இருந்தது. நம்ம சண்டையில அந்த மூணாவது வழிக்கு இடமே கொடுக்கிறதில்ல.

கோயில்லயும் இதேதான். 2020 நவம்பர் 20ல திருச்செந்தூர் சூரசம்ஹாரம் பக்தர்கள் இல்லாம நடந்தது. அப்போ கோயில்கள் திறந்துதான் இருந்தது. தடை போட்டது முருகனுக்கு இல்ல, லட்சம் பேர் ஒரே கரையில நிக்கிற அந்த ஒரு நாளுக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் கோபம் தணிஞ்சிடும்.

*நேர்த்திக்கடன் காத்திருக்குமா?*

"வேண்டிக்கிட்டேன், காவடி எடுக்காம விட்டா குத்தமாயிடுமே" - பெரியவங்க பல பேர் இப்படித்தான் தவிச்சாங்க. அந்தத் தவிப்பைக் கேலி பண்ணக் கூடாது.

நம்ம தணிகை முருகனை நினைச்சுப் பாருங்க. வள்ளி யாரு? தினைப்புனம் காத்தவ. நம்ம பாஷையில சொன்னா, காலையில எழுந்து வேலைக்குப் போன பொண்ணு. அவ மலை ஏறி வந்து தரிசனம் கேக்கல. அவர்தான் வேடனா, கிழவனா வேஷம் போட்டு அவ வேலை செய்யற இடத்துக்கே போனார். பக்தரால வர முடியலன்னா தானே கிளம்பி வர்ற சாமி அவர். அவர்கிட்ட, "இந்த வருஷம் முடியல முருகா, அடுத்த வருஷம் வர்றேன்"னு சொன்னா ஏத்துக்க மாட்டாரா? அவருக்குப் பட்ட கடன் காத்திருக்கும். அதுக்கு வட்டியும் கிடையாது.

காத்திருக்காத கடன் வேற ஒண்ணு இருக்கு. நான் எழுத வந்ததே அதைப் பத்தித்தான்.

*மூடச் சொன்னவனுக்கும் கடன் உண்டு*

மலையில மொட்டை அடிக்கிற தொழிலாளிக்கு அப்போ மாசச் சம்பளம் கிடையாது. மொட்டைச் சீட்டுல வர்ற பங்குதான் சோறு. கோயிலை மூடினா அவர் கத்தியும் மூடிடும். அடிவாரத்துல பூ கட்டுற அக்கா, காவடி வாடகைக்கு விடுறவர், தேங்காய் பழக் கடை, ஆட்டோ அண்ணன் எல்லாருக்கும் இதே கதைதான். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் தறி ஓட்டுற குடும்பங்களுக்கு நூலும் வரல, துணியும் போகல.

நம்ம கனகம்மாசத்திரத்தையே எடுத்துக்கோங்க. பேர்லயே சத்திரம். வழிப்போக்கன் வந்தா திண்ணையும் சோறும் கொடுக்கிறதுதான் சத்திரம். சென்னையில இருந்து திருப்பதி போற ரோட்டுல இருக்கிற ஊரு. ஒரு பக்கம் திருத்தணிக்கு நடக்குறவங்க, இன்னொரு பக்கம் புரட்டாசியில ஏழுமலையானைப் பார்க்க நடக்குறவங்க. ரோட்டுல ஆள் போனாத்தான் இங்க டீக்கடையில பால் கொதிக்கும். ரோடு அடங்கினா ஊரே அடங்கிடும்.

வீட்டுல லேப்டாப் முன்னாடி உக்காந்து மாசச் சம்பளம் வாங்குறவங்க, "எல்லாத்தையும் மூடுங்க, உயிர்தான் முக்கியம்"னு சொல்றது சுலபம். சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா சொன்ன அந்த நிமிஷமே அவங்க கடன்பட்டுட்டாங்க. "என் உயிருக்காக நீ உன் கடையைச் சாத்து"ன்னு கேட்டா, அந்தக் கடைக்காரர் வீட்டு அடுப்புல பாதிப் பொறுப்பு நம்மளோடது. கருணை, தர்மம்னு அதுக்குப் பேர் வைக்கக் கூடாது. வாங்கின பொருளுக்குக் கொடுக்க வேண்டிய விலை அது.

அரசாங்கம் அந்தக் கடனைக் கொஞ்சம் அடைச்சது. மாசச் சம்பளம் இல்லாத அர்ச்சகர், பூசாரிகளுக்கு 2021 ஜூன்ல 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் மளிகைச் சாமானும் கொடுத்தாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல மொட்டைக் கட்டணத்தை எடுத்துட்டு, அந்தத் தொழிலாளிகளுக்கு மாசம் 5,000 ரூபாய் அறிவிச்சாங்க. நல்ல காரியம். ஆனா முதல் பூட்டு விழுந்தது 2020 மார்ச். ஒன்றரை வருஷம். பசி அவ்வளவு நாள் பொறுக்குமா?

*திறக்கச் சொன்னவனுக்கும் கடன் உண்டு*

இப்போ அந்தப் பக்கம் பார்ப்போம். திருமலையில 2020 ஜூன் 11ல பொது தரிசனம் ஆரம்பிச்சது. இடைவெளி, முகக்கவசம், குறைஞ்ச எண்ணிக்கைன்னு கட்டுப்பாட்டோடதான் நடந்தது. ஆனாலும் ஜூலை நடுவுல அர்ச்சகர்கள் உட்பட நூறு ஊழியர்களுக்கு மேல தொற்று. பழைய தலைமை அர்ச்சகர் ஒருத்தர் அந்த மாசமே காலமானார்.

யாரால பரவுச்சுன்னு நான் பஞ்சாயத்து பண்ண வரல. ஒரு கணக்கை மட்டும் யோசிங்க. பக்தர் சந்நிதியில நிக்கிறது ஒரு நிமிஷம். அர்ச்சகரும், வரிசை ஒழுங்கு பண்றவரும், பெருக்குறவங்களும் நிக்கிறது நாள் பூரா. தரிசனம் நமக்கு, ஆபத்து அவங்களுக்கு. "கோயிலைத் திற"ன்னு கத்துறவங்க அவங்ககிட்ட ஒரு தடவையாவது, "உங்களுக்குச் சம்மதமா? வீட்டுல வயசானவங்க இருக்காங்களா?"ன்னு கேட்டோமா?

*அப்போ எப்போதான் திறக்கணும்?*

தேதி சொல்ல எனக்குத் தெரியாது, அது டாக்டர்கள் வேலை. ஆனா எது நியாயமான திறப்பு, எது நியாயமான மூடல்னு பார்க்க நாலு கேள்வி போதும்.

ஒண்ணு: ஆபத்தைச் சுமக்கப் போறவங்ககிட்ட கேட்டாச்சா?
ரெண்டு: கூட்டத்தைக் குறைக்க மூணாவது வழி பார்த்தாச்சா? திறந்த வெளி, நேரம் பிரிச்சு அனுப்புறது, சின்னக் கோயில் முதல்ல.
மூணு: ரெண்டு வாரம் கழிச்சு நிலைமை கெட்டா, கௌரவம் பார்க்காம மறுபடி மூடத் தயாரா?
நாலு: மூடியே வைக்கிறோம்னா, பிழைப்பு போனவங்களுக்கு இந்த மாசம் என்ன கொடுக்கப் போறோம்? அடுத்த வருஷம் இல்ல, இந்த மாசம்.

இந்த நாலுக்கும் பதில் இருந்தா, திறந்தாலும் சரி மூடினாலும் சரி, தலை வணங்கலாம். பதில் இல்லாம திறக்கிறது முரட்டுத்தனம். பதில் இல்லாம மூடுறது சுயநலம்.

*"சோறு மட்டும் போதுமா?"*

ஒருத்தர் கேக்கலாம். "பிழைப்பைப் பத்தியே பேசுறியே, மனசு? 2021 மே மாசம் அப்பாவையும் அம்மாவையும் இழந்தவங்க எங்க போய் அழுவாங்க?"

இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. துக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சாமி முன்னாடி பத்து நிமிஷம் நிக்கிறது மருந்து மாதிரி. போன்ல லைவ் தரிசனம் பார்த்து அந்தப் புண்ணு ஆறாது. அதனாலதான் கிராமத்துச் சின்னக் கோயில்களை முதல்ல திறந்த அந்த ஜூலை முடிவு எனக்குச் சரியாப் படுது. பெரிய மலை காத்திருக்கட்டும். தெரு முனைப் பிள்ளையாரும், ஏரிக்கரை அம்மனும், ஒத்தைக்கால் மண்டபத்து வேலும் ஒவ்வொருத்தரா வந்து அழுதுட்டுப் போறதுக்குத் திறந்திருக்கட்டும். கூட்டம் வேண்டாம்னு சொல்றப்போ, தனியா வர்ற மனுஷனையும் சேர்த்துத் துரத்திடக் கூடாது.

*நம்மளால என்ன முடியும்?*

சூரனோட போர் முடிஞ்சு முருகன் சினம் தணிஞ்ச இடம் தணிகைன்னு தலபுராணம். அதனாலதான் கந்த சஷ்டிக்கு மத்த கோயில்ல சூரசம்ஹாரம் நடக்கும், திருத்தணியில மட்டும் புஷ்பாஞ்சலி. அவர் தணிஞ்ச மலையடியில நின்னுக்கிட்டு நாம சண்டை போடுறது அழகில்ல.

இன்னொரு தடவை கதவு சாத்துற நிலைமை வந்தா, "திற, மூடு"ன்னு ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுவோம். காவடிக்கு, பஸ்ஸுக்கு, அர்ச்சனைக்கு, மொட்டைக்குன்னு எடுத்து வைச்ச காசு நம்ம கையிலேயே நின்னுடுமே, அதை எண்ணிப் பார்ப்போம். அது நம்ம காசே இல்ல. பூ கட்டுற அக்காவுக்கும், கத்தி பிடிக்கிற அண்ணனுக்கும், டீக்கடைக்காரருக்கும் போக வேண்டியது. கோயில் மூடியிருந்தாலும் அதை அவங்க கையில கொண்டு போய்ச் சேர்ப்போம்.

முருகனுக்குப் பட்ட கடன் காத்திருக்கும். மனுஷனுக்குப் பட்ட கடனை அன்னைக்கே அடைக்கணும்.

திருத்தணி முருகனுக்கு அரோகரா!
வேலும் மயிலும் துணை.

படிச்சுட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க. சரின்னு பட்டா நாலு பேருக்கு அனுப்புங்க.