தீர்வற்ற நோய் எது?



மார்பகப் புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் பெண்மணிகள் சிலரை நாம் அவ்வப்போது கண்டு வருகிறோம். அவர்களுள் பலருக்கு அறுவைக்கு முன்னரே கீமோதெரபி அளிக்கிறார்கள். கட்டி சுருங்கினால் அறுப்பது எளிதாகும். மருந்துக்கு அது பணிகிறதா என்பதும் தெரியும். ஆனால், இருமுறை மருந்தேறிச் சுருங்கி வந்த கட்டி, மூன்றாம் முறைக்குப்பின் கைக்குப் பெரிதாகப் படுகிறது. அல்லது அக்குளில் புதிதாக நெறி கட்டுகிறது. அப்பொழுது உற்றார் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "வினை முற்றிவிட்டது, இனி மருந்து எதற்கு?" இச்சொல் நம் அறத்துக்கு உடன்பாடானதா?

அசாதா வேதநீய வினை உதயமாகி நோய் தருகிறது என்பது மெய்யே. ஆயின் கட்டிய வினை கல்லில் பொறித்த எழுத்தன்று. அதன் காலமும் வலிமையும் குறைதல் அபகர்ஷணம், மிகுதல் உத்கர்ஷணம், அசாதா சாதாவாக மாறுதல் சங்கிரமணம் என்று ஆகமம் பகுத்துரைக்கிறது. மாற்றவியலாத நிகாசித வினையும் உண்டுதான். இன்னார் வினை இன்ன வகையது என்பதைக் கேவலியன்றி யார் அறிவார்? நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து தீர்ப்புக் கூறுவோர் தம்மைக் கேவலியாக எண்ணிக்கொள்கின்றனர் போலும்!

அநேகாந்தம் கற்ற நாம் ஒரு பக்கத்தை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. கை சொல்வது வேறு, அல்ட்ராசவுண்ட் சொல்வது வேறு, எம்.ஆர்.ஐ. சொல்வது வேறு. பயாப்சி எடுத்த இடத்தில் இரத்தம் கட்டினாலும், அழற்சி ஏற்பட்டாலும் வீக்கம் தோன்றும். 2009இல் திருத்தப்பெற்ற பன்னாட்டு அளவுமுறைப்படி, கட்டிகளின் குறுக்களவுக் கூட்டுத்தொகை, சிகிச்சையில் கண்ட மிகச்சிறிய அளவைவிட 20 விழுக்காடேனும் கூடி, அக்கூடுதல் 5 மில்லிமீட்டருக்குக் குறையாதிருந்தால்தான் வளர்ச்சி எனக் கொள்வர். புதிய கட்டி தோன்றுவது தனிக் கணக்கு. ஆதலின் மாற்றம் கண்ட அன்றே மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். அடுத்த முறை வரை மறைத்து வைத்தல் கூடாது.

மெய்யாகவே வளர்ந்திருந்தால்? சிலருக்கு அவ்வாறு நேர்கிறது; அதை மறைத்துப் பேசுவது சத்திய விரதத்துக்கு இழுக்கு. அப்பொழுதும் வேறு மருந்துக்கு மாற்றுவர். அறுவையை முன்னதாகவே செய்வர். மீண்டும் பயாப்சி எடுத்துக் கட்டியின் இயல்பு மாறியுள்ளதா என்று ஆராய்வர். எல்லாருக்கும் இவை பலிப்பதில்லை. எனினும் வழி இருக்கும்வரை அது தீர்வற்ற நோயன்று.

இச்சொல்லை நாம் எண்ணியே ஆள்கிறோம். சமந்தபத்திர சுவாமிகள் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், மாற்றுவழியே இல்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றில்தான் சல்லேகனையை வைத்தார். அவரையே பஸ்மக நோய் பற்றியதாக வரலாறு கூறுகிறது. சல்லேகனைக்கு அனுமதி வேண்டியபோது குரு இசையவில்லை. துறவுக்கோலத்தை நீக்கி, நோய் தீர்த்து, மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். அவ்வாறே ஆயிற்று. தேவ மருத்துவரை மறுத்த சனத்குமார சக்கரவர்த்தியை நமக்கு எடுத்துக்காட்டுவோர், அவர் அப்போது முனிவர் என்பதை மறக்கின்றனர். நாமோ இல்லறத்தார், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பிள்ளைக்குச் சோறிட வேண்டியவர்கள்.

நோயை ஓயாது நினைந்து வருந்துதல் ஆர்த்த தியானத்தின் நான்கு வகையுள் ஒன்று. நாளைக்குப் பத்து முறை கட்டியை அழுத்திப் பார்க்கும் சகோதரி அதிலேயே உழல்கிறாள். தொட்டுப் பார்க்கும் நாளை மருத்துவரிடம் கேட்டு வரையறுத்துக்கொள்ளட்டும். மற்ற நாளில் கை அங்கே செல்லும்போதெல்லாம் பஞ்ச நமஸ்காரத்தைத் தொடங்கட்டும். சாமாயிகத்துக்குரிய 48 நிமிடம் அமர உடல் இடந்தராவிடில் படுத்தவாறே செய்யட்டும்.

உபவாசத்தை மருத்துவரைக் கேளாது மேற்கொள்ள வேண்டா. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாளில் 38 பாகைக்குக் காய்ச்சல் ஏறினால், இரவாயினும் மருத்துவமனை செல்லவேண்டும். இரவுண்ணா விரதத்தை நினைத்து மாத்திரையை விடியல்வரை ஒத்திவைத்தல் உயிருக்கே கேடாகும். விரதம் ஏற்கும்போதே மருந்துக்கு விலக்கு வைத்துக்கொள்வோர் நம்மில் உண்டு.

நலம் விசாரிக்கச் செல்லும் நாம் வினைப் பேச்சை விடுத்து, அவளுடைய பழைய ஸ்கேன் அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கொடுப்போம். ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். அடுத்த முறை பேருந்தில் துணைக்கும் செல்வோம்.