கணக்கும் கருணையும்

மனிதரை எண்ணலாமா என்ற ஐயம் மிகப் பழையது. களத்தில் நெல்லளப்பவர்கூட முதல் மரக்காலை ஒன்று என்னாமல் லாபம் என்று சொல்லியே அளந்துவந்த நாட்டில், வீட்டுப் பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று பாட்டிமார் அஞ்சியதில் வியப்பில்லை. தாவீது மன்னன் தன் குடிகளைத் தொகையெடுத்த குற்றத்துக்காக இஸ்ரவேலின்மீது கொள்ளைநோய் வந்ததென்று விவிலியத்தின் பழைய ஏற்பாடும் கூறுகிறது. உயிரை இலக்கமாக்குவது அதன் மகத்துவத்தைக் குறைப்பதாகும் என்ற உணர்ச்சி இவ்வாறு பல சமூகத்தாரிடமும் வேரூன்றியிருக்க, இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றதும் சுகாதாரத் துறை செய்யும் முதற்காரியம் அவளைப் பதிந்து அவளுக்கு ஓர் எண் வழங்குவதே. இது அறத்தோடு பொருந்துமா என்பதைச் சற்று நிதானமாக விசாரிக்கலாம்.

கருணை கணக்குப் பாராது என்பது வலுவான ஆட்சேபம். 1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய இராமலிங்க அடிகள், பசித்து வந்தவரிடம் சாதியும் சமயமும் ஊரும் கேளாமல் அன்னமிடுவதையே ஜீவகாருண்யத்தின் இலட்சணமாகக் கொண்டார். ஆனால் பசிக்கும் பிணிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பசித்தவனுக்குத் தன் பசி தெரியும். சோறு கிடைக்கும் வாசலைத் தேடி அவனே வந்து நிற்பான். இரத்தசோகை கொண்ட கர்ப்பிணியோ தனக்கு வெறும் அசதி என்று எண்ணியிருப்பாள். இரத்த அழுத்தம் ஏறியவரோ தம்மை முழு ஆரோக்கியவான் என்றே நம்பியிருப்பார். தன் துன்பத்தைத் தானே அறியாதவர் எந்த வாசலுக்கும் வருவதில்லையாதலால், அவரை நாடிப் போவது கருணையின் கடமையாகிறது. நாடிப் போகிறவருக்கு யார் யார், எங்கெங்கே என்ற ஜாபிதா இன்றியமையாததாகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில், மணமேல்குடிக்குத் தெற்கே பாக் நீரிணையின் கரையிலமைந்த கோட்டைப்பட்டினத்தை வைத்து இதனைச் சிந்திக்கலாம். அங்குள்ள ராவுத்தர் அப்பா தர்காவுக்கு நோயும் மனக்கவலையும் உற்றோர் சமய பேதமின்றி வந்து பிரார்த்திக்கின்றனர். அவர்களெல்லாம் தம் குறையை அறிந்தவர்கள். அறியாதவரைத் தேடி வீடுதோறும் செல்வது கிராம சுகாதாரச் செவிலியரின், ஜனங்கள் நர்ஸம்மா என்றழைப்பவரின், வேலை. அவர் வைத்திருக்கும் ரிஜிஸ்டரில் ஒரு பெயருக்கு நேரே கடைசி மாதவிடாய்த் தேதி, அதைக்கொண்டு கணித்த பிரசவத் தேதி, எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு என்று கட்டங்கள் ஓடும். ஹீமோகுளோபின் கட்டத்தில் ஏழுக்குக் குறைவாக ஓர் எண் விழுந்தால், அப்பெண் வாய் திறந்து எதுவும் சொல்லாமலே, அவள் உயிருக்கு ஆபத்து என்று அந்தக் கட்டம் சொல்லிவிடுகிறது. முற்காலத்தில் முதற்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற பெண், புகுந்த ஊர்ப் பதிவேட்டில் ‘ஊரில் இல்லை’ என்றும், பிறந்த ஊர்ப் பதிவேட்டில் பெயரே இல்லாமலும், இரண்டுக்கும் நடுவே மறைந்துபோவாள். இப்போது பிக்மி என்று வழங்கும் கணினிப் பதிவின் எண் அவள் போகுமிடமெல்லாம் கூடவே போகிறது.

இஸ்லாமியர் மிகுந்து வாழும் அவ்வூருக்கு, கணக்கில்லாமல் தருமமில்லை என்ற கருத்து புதிதன்று. ஜகாத் என்னும் கடமையான தானம் மனம் இளகியபோது இளகிய அளவுக்குக் கொடுப்பதன்று. குறித்த வரம்புக்கு மேற்பட்டு ஓராண்டு கையிருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுக் கொடுப்பது. அதைப் பெறுதற்குரிய எட்டு வகையினரைக் குர்ஆன் வரிசைப்படுத்துகிறது. ஏழைகளையும் வறியவர்களையும் அடுத்து அங்கே இடம்பெறுவோர் அத்தானத்தைத் திரட்டும் பணியாளர்கள் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. கருணையைச் சுமந்து செல்பவருக்கும் வயிறு உண்டு என்பதை அறநூல் மறக்கவில்லை. நம் நிர்வாகங்களோ பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

கணக்கின் பயனுக்குச் சான்று தொலைவில் இல்லை. 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம், கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே பதிவு செய்வதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரித்து, எந்த மணி நேரத்தில் எந்த வாகனம் வரவில்லை, எந்த ஆஸ்பத்திரியில் இரத்தம் இல்லை என்று ஆராயும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. மாநிலத்தில் லட்சம் குழந்தைப் பிறப்புகளுக்கு 2001–03-இல் 134 ஆக இருந்த தாய்மார் மரணம், 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. கணக்கு மட்டுமே இதனைச் சாதித்தது என்று யாரும் சொல்லார். மருந்தும் மருத்துவரும் சாலையும் பெண்கல்வியும் சேர்ந்தே சாதித்தன. ஆயினும் எவள் ஏன் இறந்தாள் என்று கேளாத நாட்டில் மருந்தும் மருத்துவரும் வேண்டிய இடத்தில் வேண்டிய வேளைக்கு வந்து சேர்வதில்லை.

அப்படியாயின் தாவீது செய்த பிழை என்ன? விவிலியத்திலேயே மற்றொரு எண்ணிக்கை இருக்கிறது: நூறு ஆடுகளில் ஒன்று காணவில்லையென்று கண்டு, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அதைத் தேடிப்போன மேய்ப்பனுடையது. எண்ணாதவனுக்கு ஒன்று குறைந்தது எப்படித் தெரியும்? தாவீது வாளேந்தும் ஆடவரைத் தொகையெடுத்தான். மேய்ப்பன் காணாமற்போன ஒன்றுக்காக எண்ணினான். கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகள் டோக்கன் பெற்றுக் கடலுக்குப் போவதும், போனவற்றில் எது திரும்பவில்லை என்று கரை கலங்குவதும் இந்த இரண்டாம் வகை எண்ணிக்கையே.

சுகாதாரக் கணக்கும் முதல் வகைக்கு எளிதில் வழுவிவிடும். இலக்கில் இத்தனை சதவீதம் எட்டினோம் என்று மேலிடத்துக்குக் காட்டுவதற்காகவே எழுதப்படும் பதிவேடு தாவீதின் தொகைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்கிறது, அது போற்றத்தக்கது. ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் பகற்பொழுதில் மீனவர் கடலிலிருந்தால், பட்டியல் நிறைந்ததுபோல் தோன்றும், ஆள் மட்டும் விடுபட்டிருப்பார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையிலிருப்பார் என்பதை அறிந்து அப்போது செல்வதே கணக்கைக் கருணையாக்கும் விவேகம்.

எழுதுபவரின் நிலையும் இதில் அடங்கும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அத்தனை பேரையும் கவனிக்கும் செவிலியர் ஒரே செய்தியை ரிஜிஸ்டரிலும் கைப்பேசியிலும் மாதாந்தர அறிக்கையிலும் திரும்பத் திரும்ப எழுத நேர்ந்தால், தாயின் முகத்தைப் பார்க்கவேண்டிய கண் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும். நோயாளியைப்பற்றி இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கும் அரசு, எந்தப் பணியிடம் எத்தனை மாதமாகக் காலியாயிருக்கிறது, ஒரு செவிலியர் எத்தனை கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கிறார் என்னும் கணக்கையும் அதே நுணுக்கத்தோடு வைத்து, ஊரார் காணும்படி வெளியிடவேண்டும். கணக்கெடுப்பவர் காலியிடமாயிருக்கும் ஊரில் கணக்கு மட்டும் நிறைந்திருப்பது பொய்ச்சாட்சிக்குச் சமானம்.

ஆகவே மனிதரை எண்ணுவது பாவமன்று. எண்ணிவிட்டுத் தேடாதிருப்பதே பாவம். உங்கள் ஊர்ச் செவிலியர் அடுத்த முறை கதவைத் தட்டும்போது கேட்ட விவரத்தை உள்ளபடி சொல்லுங்கள். கிராமசபை கூடும்போது அந்தப் பதிவேட்டில் யார் பெயர் இல்லை என்றும், அதை எழுதும் பணியிடம் நிரம்பியிருக்கிறதா என்றும் தவறாமல் கேளுங்கள்.